மாப்பிள்ளை ஷூவும் என் கட்டை விரலும்

ஆண்கள் காலில் போடுகிற ஒரு ஜோடி ஷூ, என் அப்பாவின் இரண்டு மாதச் சம்பளத்துக்குத் தகுமா, தகாதா?

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது. தெரியாது என்பதை அன்றைக்கே ஒரு வரியாக எழுதி அனுப்பியிருந்தால் இரண்டு குடும்பங்கள் நிம்மதியாக இருந்திருக்கும். நான் அனுப்பவில்லை. எம்.எஸ்சி. கணிதம் படித்தவள் நான். (முதல் வகுப்பு. அதைச் சொல்லிக்கொள்கிற தகுதி எனக்கு உண்டா என்று படித்து முடித்தபின் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.)

மூன்று வருடம் ஆகிவிட்டது. இப்போது எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. இது சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டிய கதை என்கிறார் என் கணவர். அவர் சிரிக்கட்டும். நான் எனக்கு வருகிற மாதிரிதான் சொல்வேன்.

என் தங்கை சுகன்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பிரவீனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. சொந்த ஊர் திட்டக்குடிப் பக்கம், கரும்பு போடுகிற குடும்பம். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. ஒரு மத்தியானம் என் மகள் இனியாவுக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. ஒரு வாய் வாங்கிக்கொண்டு வீட்டை ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து அடுத்த வாய் வாங்குவாள். மூன்றாவது சுற்றில் போனில் மாப்பிள்ளையின் வாட்ஸ்அப் வந்தது.

ஒரு ஷூவின் படம். பழுப்பு நிறம், நீண்ட மூக்கு, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. செய்தவர் என் வாயில் நுழையாத ஒரு வெளிநாட்டு டிசைனர். கீழே விலை. அதற்கும் கீழே இரண்டு வரி:

"அண்ணி, இது இந்த விலைக்கு வொர்த்தா? கொஞ்சம் பாத்து சொல்லுங்க."

விலையில் எத்தனை சைபர் என்று எண்ணினேன். சாதக் கையோடு தொட்டதில் திரையில் பருக்கை ஒட்டி சைபர் கூடிவிட்டதோ என்று துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். பருக்கை எதுவும் இல்லை. எல்லாம் சைபர்தான்.

கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். ஒரு பிளாஸ்க் வாங்குவதற்குப் பதினோரு வீடியோ பார்த்தவள் நான். குழந்தைக்குப் பால் பாட்டில் வாங்க எத்தனை பார்த்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்படிப்பட்டவள் அன்றைக்கு ஒரு வீடியோகூடப் பார்க்கவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் அம்மா வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தாள், கிட்டே வைத்தும் பார்த்தாள்.

"என்னாடி கேக்குறாரு மாப்ள?"

"வொர்த்தான்னு கேக்குறாரும்மா."

"வாங்கிக் குடுங்கன்னு சொல்றாருடி. மாப்ள வூட்டுல இப்பிடித்தான் சொல்லுவாங்க. ரிசப்ஷனுக்குக் கோட்டு சூட்டு நம்ம செலவுதான? அப்ப ஷூவு மட்டும் ஆரு செலவு?"

அம்மா சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் ரிசப்ஷன் உடுப்பு பெண் வீட்டார் எடுத்துத் தருவதுதான் வழக்கம். அதோடு, என் கல்யாணத்தின்போது நடந்ததையும் நான் மறக்கவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்து எல்லோரும் மண்டபத்து வாசலில் நின்றுகொண்டிருந்தோம். எதிரே ஒரு பைக் ஷோரூம். என் மாமனார் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு, "அந்தச் செவப்பு வண்டி நம்ம பையனுக்கு எடுப்பா இருக்கும்ல சம்மந்தி?" என்றார். அவ்வளவுதான். அதில் எங்கேயாவது 'வாங்கிக் கொடுங்கள்' என்று இருக்கிறதா? இல்லை. வண்டி வந்ததா? வந்தது. அந்த வருடம் தீபாவளிக்கு அப்பா புதுச் சட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே மாப்பிள்ளை வீட்டுக் கேள்விகளுக்கு அர்த்தம் பார்க்க எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

என் கணவர் செந்தில் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மத்தியானம் சாப்பிட வந்தபோது அவரிடம் காட்டினேன்.

"இதுல என்னா இருக்குது கவி? வாங்கித் தரணுமா, சும்மா கேக்குறீங்களான்னு நேராக் கேட்டுடேன்."

"உங்கப்பா நேராக் கேட்டாரா?"

அவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

சுகன்யாவிடம் சொல்லக் கூடாது என்று அம்மாவும் நானும் முடிவு செய்தோம். அவள் வாய்க்காரி. தெரிந்தால் மாப்பிள்ளையை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். பத்திரிகை அடித்துப் பாதி ஊருக்குக் கொடுத்தாகிவிட்டது. ஒரு ஷூவினால் கல்யாணம் நின்றுபோனால் யார் பொறுப்பு? படித்தவள், மூத்தவள், நான்தான் பொறுப்பு.

மாப்பிள்ளைக்குப் பதில் அனுப்ப வேண்டுமே. 'நல்லா இருக்கு தம்பி' என்று அடித்தேன். வழிவதுபோல் இருந்தது, அழித்தேன். 'பார்க்கிறோம் தம்பி' என்று அடித்தேன். தட்டிக் கழிப்பதுபோல் இருந்தது, அழித்தேன். 'கண்டிப்பாக வாங்கித் தருகிறோம்' என்று அடிக்க விரல் வரவில்லை. மரியாதைக் குறைவில்லாமல், பல்லிளிக்காமல், நாங்கள் ஒன்றும் இல்லாதவர்கள் இல்லை என்று காட்டும் ஒரு பதில் வேண்டும். ஒரு மணி நேரம் யோசித்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் அந்த மஞ்சள் படத்தை அனுப்பினேன். கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் அனுப்பினேன். அது அந்தப் படத்தில் தெரியாது என்பதை யோசிக்கவில்லை.

அடுத்து அப்பா. அவர் எங்கள் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையான செராமிக் எஸ்டேட்டில், மின்கம்பத்துக்குப் பீங்கான் இன்சுலேட்டர் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் தரம் பார்க்கிறவர். சூளையிலிருந்து வருகிற ஒவ்வொன்றையும் தட்டி, திருப்பி, இது தேறும், இது தேறாது என்று பிரிப்பதுதான் வேலை. விலையைச் சொன்னேன்.

"ஜோடிக்கா, ஒத்தைக்கா?"

"ஜோடிக்குத்தாம்ப்பா."

"அது வரைக்கும் நல்லது."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அந்த ஷூ விற்கிற கடை பாண்டிச்சேரியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா, நான், இடுப்பில் இனியா, மூன்று பேரும் பஸ் ஏறினோம். கடைக்குள் குளிர் எலும்பைத் தொட்டது. சுவர் முழுக்க வெள்ளைத் தட்டு, தட்டுக்கு ஒரு ஷூ, சாமி படத்துக்கு வைக்கிற மாதிரி தலைக்கு மேலே ஒரு விளக்கு. கறுப்புச் சட்டை போட்ட விற்பனைப் பையன் இங்கிலீஷில் ஆரம்பித்தான். என் பட்டப்படிப்பை நினைத்துக்கொண்டு நானும் இங்கிலீஷில் பதில் சொன்னேன். அப்பா நடுவில் புகுந்தார்.

"தம்பி, இதுல செகண்ட்ஸ் இருக்குதா?"

"சார்?"

"செகண்ட்ஸுப்பா. லேசா கோணலா, கலரு கொஞ்சம் முன்ன பின்ன இருக்குமே, கம்பெனி கேட்டாண்ட போட்டு விப்பாங்களே, அது. கால்ல போடறதுதான? லேசாக் கோணினா ஒண்ணியும் தெரியாது."

எங்கள் ஊரில் கப், சாசர் எல்லாம் அப்படித்தான் வாங்குவோம். எங்கள் வீட்டில் நேராக நிற்கிற ஒரு ஜாடிகூடக் கிடையாது. ஆனால் அந்தப் பையனுக்கு அது தெரியாதே. "இது டிசைனர் பீஸ் சார்" என்றான், உதட்டை அழுத்திக்கொண்டு. அந்த உதட்டை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒன்பதாம் சைஸ் கொண்டுவந்தான். (செந்திலுக்கு எட்டு. மாப்பிள்ளை அவரைவிட ஒரு பிடி உயரம். என் கணக்கு அவ்வளவுதான்.) அப்பா ஷூவைக் கையில் வாங்கினார். அதே நேரம் இனியா என் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, தரையோடு இருந்த கண்ணாடிக்குள் தெரிந்த பாப்பாவுக்கு முத்தம் கொடுக்க ஓடினாள். நான் அவள் பின்னால் ஓடினேன். முழுசாக ஒரு நிமிடம்கூட இருக்காது.

திரும்பி வந்தபோது அப்பா ஷூவைக் கவிழ்த்து வைத்து, காது கொடுத்து, விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். சட்டைப் பையிலிருந்து அவருடைய சிவப்பு மைப் பேனாவை எடுத்தார்.

அந்தப் பேனாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பீங்கான் சரியாக வெந்ததா என்று பார்க்க, உடைந்த துண்டின் மேல் ஒரு சொட்டுச் சிவப்பு மை விடுவார்கள். மை அப்படியே நின்றால் வெந்தது. உறிஞ்சிக்கொண்டால் வேகாதது, குப்பைக்கு. அப்பாவின் பை இல்லாத சட்டையைக்கூடப் பார்த்துவிடலாம், பேனா இல்லாத பையைப் பார்க்க முடியாது.

"அப்பா!" என்றேன். சொட்டு விழுந்துவிட்டது.

வெளிர்மஞ்சள் நிறத் தோல் அடிப்பாகம். எட்டணா அகலத்துக்குச் சிவப்பு பரவியது. அப்பா குனிந்து பார்த்தார். பிறகு, இன்சுலேட்டருக்குச் சொல்வதுபோல், எந்த உணர்ச்சியும் இல்லாமல் சொன்னார்:

"குடிக்குது கவி. வேகல."

"சார், என்ன சார் பண்ணிட்டீங்க!" விற்பனைப் பையன் தமிழுக்கு வந்துவிட்டான். மேனேஜர் வந்தார். அதற்குப் பிறகு இது வாங்கலாமா வேண்டாமா என்ற பேச்சே எழவில்லை. அந்த ஜோடி எங்களுடையது. விலைக்குத் தகுமா என்று முடிவு செய்ய மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனவர்கள், முடிவு செய்யாமலே வாங்கிக்கொண்டு வந்தோம். பஸ்ஸில் அப்பா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "அடியிலதான? ஆரு பாக்கப் போறாங்க?" என்றார். எனக்குக் கோபம் பொங்கியது. அப்பா மேல் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா மேல் இல்லை.

வீட்டில் கறையை எலுமிச்சம்பழத்தால் தேய்த்தேன், பற்பசையால் தேய்த்தேன், நகப்பூச்சு அழிக்கிற திரவத்தால் தேய்த்தேன். எட்டணா அகலச் சிவப்பு, அப்பள அகல ரோஸ் ஆனது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், ரிசப்ஷனுக்கு முன், தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பூ, நடுவில் ஷூ பெட்டியை வைத்து எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை அறைக்குப் போனோம். நான், அப்பா, அம்மா, செந்தில். பின்னாலேயே என் மாமனாரும் வந்தார். உள்ளே மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும். 'தம்பி, எங்களால முடிஞ்சது' என்று பணிவாகச் சொல்லிக் கொடுப்பதாக ஏற்பாடு. மூன்று நாளாகக் குழந்தையிடம் சொல்லிப் பழகியிருந்தேன். ஆனால் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்ததும் ஒரு மாதக் கோபம் வாய்க்கு வந்துவிட்டது.

"இந்தாங்க தம்பி, நீங்க கேட்டது. எங்கப்பா ரெண்டு மாசம் சூளைச் சூட்டுல நின்னு சம்பாரிச்சது. பாத்து நடங்க."

மாப்பிள்ளை விழித்தார். "நான் என்ன கேட்டேன் அண்ணி?"

பெட்டியைத் திறந்து காட்டினேன். அவர் பெட்டிக்குள் பார்த்தார். பிறகு கீழே தன் காலைப் பார்த்தார். எல்லோரும் அவர் காலைப் பார்த்தோம்.

அதே ஷூ. அதே பழுப்பு, அதே மூக்கு.

"நீங்கதான அண்ணி நல்லாருக்குன்னு சொன்னீங்க? நான் வெல ஜாஸ்தின்னு வேணாம்னுதான் இருந்தேன். சுகன்தான், 'எங்கக்காவக் கேளுங்க, அவ ஒரு பிளாஸ்க்குக்கே பதினோரு வீடியோ பாப்பா'ன்னா. நீங்க வேணாம்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். கட்ட வெரலத் தூக்கிட்டீங்க. மாசத் தவணையில வாங்கிட்டேன்."

நான் ஆதாரம் என்று போனை நீட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா அதை வாங்கி உரக்கப் படித்தார். ஒரு முறை. இன்னொரு முறை.

"ஏம்மா கவிதா, வொர்த்தான்னுதான கேட்டிருக்கான்? வாங்கிக் குடுன்னு எங்க எழுதியிருக்குது? நாங்க ஷூவு கேட்டுப் பொண்ணு எடுக்கற ஆளுங்களா?" அவருக்கும் கோபம், நியாயமான கோபம். அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கல்யாணம் நின்றுவிடும் என்று ஒரு மாதமாகப் பயந்தேனே, அதை என் வாயாலேயே நிறுத்தப் போகிறேன் என்று தெரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா பெட்டியிலிருந்து ஒரு ஷூவை எடுத்துத் திருப்பினார். "இது என்னாது அடியில, ரத்தம் மாதிரி?"

அப்பா முன்னால் வந்தார்.

"ரத்தம் இல்லீங்க. இங்க் டெஸ்ட்டு. பண்ணது நான்தான்."

மாப்பிள்ளையின் அப்பா அதுவரை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இப்போது நிமிர்ந்தார். "ரிசல்ட்டு என்னாங்க சம்மந்தி?"

"ஃபெயிலுங்க."

மாப்பிள்ளை தன் காலைப் பார்த்த பார்வை இருக்கிறதே! முதலில் அவருடைய அப்பா சிரித்தார். பிறகு அவர் அம்மா, சிரிக்கக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளை சிரித்தார். என் அப்பாவும் சிரித்தார். கல்யாணம் பிழைத்தது.

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது என் கணவர். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க சிரிக்காதீங்க. வெளிய நிக்குதே செவப்பு வண்டி, அதையும்தான் யாரும் கேக்கல."

சிரிப்பு ஒரே நொடியில் அடங்கியது. செந்திலின் முகம் சிறுத்துவிட்டது. என் மாமனார் மெதுவாகக் கேட்டார்:

"நான் எப்பம்மா வண்டி கேட்டேன்? எடுப்பா இருக்கும்னுதான சொன்னேன்? அவுங்களா வாங்கியாந்து நிறுத்துனாங்க, பாசமாச் செய்யிறாங்கன்னு நெனச்சேன்."

"வுடு கவி. வா, நேரமாவுது," என்று அப்பா என் தோளைத் தொட்டார்.

மாமனார் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியாது. உண்மையாகவே சும்மா சொல்லியிருக்கலாம். கணக்கில் சந்தேகம் வந்தால் திரும்பப் போட்டுப் பார்க்கலாம், இதை எப்படிப் போட்டுப் பார்ப்பது? கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். வந்து நின்றபோது, எதற்கு சம்மந்தி இதெல்லாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? கேட்காமல் கிடைப்பதை எடுத்துக்கொள்கிறவர்களுக்கும், கேட்காததைக் கொண்டுபோய்க் கொடுக்கிற எங்களுக்கும் சேர்த்துத்தான் என் கோபம். அது அன்றைக்கு ஆரம்பித்தது, இன்னும் அடங்கவில்லை.

செந்தில் நான்கு நாள் என்னிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு அப்பா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, "ஏறுங்க மாமா" என்றாராம். அன்றிலிருந்து தினமும் அப்பா எஸ்டேட்டுக்கு அந்த வண்டியில்தான் போகிறார். பின்னால் உட்கார்ந்துகொண்டு வேகம் அதிகம், பிரேக் சரியில்லை என்று குற்றம் சொல்கிறாராம். ஏழு மணிக்கு எழுந்திருப்பது என் கணவருக்குப் பெரிய தண்டனை. இருக்கட்டும்.

மாப்பிள்ளையின் அப்பா இப்போது எது வாங்கினாலும் எனக்குப் போன் செய்கிறார். "கவிதா, மோட்டாரு வாங்கப் போறேன், கட்ட வெரலக் காட்டும்மா" என்று சொல்லிவிட்டு அவரே சிரிக்கிறார். எந்த விசேஷத்திலும் புது ஆள் யாராவது வந்தால் முதலில் அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்கிறார்கள். நான் இட்லி பரிமாறிக்கொண்டே கேட்டாக வேண்டும். அந்த ஷூக்கள் இரண்டு ஜோடியும் சென்னையில் சுகன்யா வீட்டு அலமாரியில் இருக்கின்றன. இரண்டுமே காலைக் கடிக்கின்றனவாம்.

இப்போது நான் உங்களிடம் கேட்பது வேறு.

சுகன்யாவுக்கு இது ஏழாம் மாதம். குழந்தைக்கு முதல் வெள்ளிக் கொலுசும் அரைஞாணும் தாய்வீட்டில் போடுவது வழக்கம். கடைக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நாங்களே பேசிக்கொண்டிருந்தோம். போன வியாழக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா எனக்கு ஒரு படம் அனுப்பினார். ஒரு வெள்ளித் தொட்டில். முழுக்க வெள்ளி, நான்கு மூலையிலும் மயில். கீழே ஒரே வரி: "கவிதா, இது நல்லா இருக்குதாம்மா?"

தொட்டில் எங்கள் வழக்கத்தில் இல்லை. அவர் நல்ல மனுஷி, அன்றைக்கு அவருக்கு வந்த கோபம் பொய் இல்லை. சும்மாவும் கேட்டிருக்கலாம். நேராகவே கேட்டுவிடு என்கிறார் செந்தில். கேட்டால், 'மறுபடியும் எங்களச் சந்தேகப்படறியா?' என்று அந்த அம்மா மனம் நொந்துபோவார். கேட்காவிட்டால், அப்பா எங்கேயாவது வெள்ளிக் கடையில் போய் நிற்பார். நான் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

நான் பார்த்துவிட்டேன் என்பது மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தெரியும், நீல டிக் விழுந்து ஐந்து நாளாகிறது. நீங்களாக இருந்தால் என்ன பதில் எழுதுவீர்கள்? தெரிந்தவர்கள் யாராவது தயவுசெய்து சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது. அவர் இப்போது ஆன்லைனில்தான் இருக்கிறார்.